பழைய ஆர்சி பக்கி வாங்கி மறுபடி கிளப் ரேஸ்: பி6.1டி எடுக்கவா, எம்பி9 எடுக்கவா?

கீழக்கரை_ஓட்டி
வணக்கம். ரிமோட்ல ஓடுற ஆர்சி பக்கி கார்ல, அசோசியேட்டட் கம்பெனி பி4 காலத்தோட கிளப் ரேஸ விட்டாச்சு, இப்ப திரும்ப ஆரம்பிக்கணும். புது வண்டிக்கு பட்ஜெட் இல்ல. விலைக்கு ரெண்டு வண்டி வந்திருக்கு.

ஒண்ணு அதே கம்பெனியோட 1/10 அளவு டூ வீல் டிரைவ் எலக்ட்ரிக் பி6.1டி. செர்வோ (ஸ்டீயரிங் திருப்புறது), சென்சார் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தக் கட்டுப்படுத்துறது), 17.5 டர்ன் மோட்டார் மாட்டியே தர்றாங்க, ரிசீவர் கிடையாது. ரெண்டு பழைய லைப்போ பேட்டரி இனாம். கூரியர்லதான் வரணும். இன்னொண்ணு 1/8 அளவு நைட்ரோ (எரிபொருள்ல ஓடுறது) கியோஷோ எம்பி9, இன்ஜின், ஸ்டார்ட்டர் பாக்ஸோட. தங்கச்சிமடத்துல இருக்கு, நேர்லயே போய் பார்க்கலாம். விலை ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

ரேஸ் வெளியூர் மண் டிராக்ல. ப்ராக்டிஸ் இங்க கடற்கரைப் பக்கம். எதை எடுக்கலாம், என்னத்தப் பார்த்து வாங்கணும்? பி4-ஓட டூல்ஸ், வீல், பினியன் (மோட்டார்ல மாட்டுற சின்ன பல்சக்கரம்), 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ எல்லாம் அப்படியே இருக்கு, ஏதாவது உதவுமா?

மண்டபம்_பிட்லேன்
வண்டியப் பார்க்கிறதுக்கு முன்னாடி கிளப்புக்கு போன் போட்டு மூணே கேள்வி கேளுங்கண்ணே. எந்த கிளாஸ்ல ஆள் சேருது? 17.5 மோட்டார் கிளாஸுக்கு ஈஎஸ்சி பிளிங்கி மோடுல, அதாவது டைமிங் பூஜ்யத்துல இருக்கணுமா? டிராக் மேடு பள்ளமா, உருட்டி வச்ச மண்ணா? நைட்ரோவுக்கு ரெண்டு பேர்தான் வர்றாங்கன்னா அந்த கிளாஸே நடக்காது. டிராக் குண்டும் குழியுமா இருந்தா 1/10 டூ வீல் தட்டித் தட்டி நிக்கும், அங்க 1/8-தான் சரி.

பி6.1-க்கும் பி6.1டி-க்கும் விளம்பரத்துல ஒரு எழுத்துதான் வித்தியாசம். 'டி' மண்ணுக்கு அமைச்சது. அது இல்லாதது கார்ப்பெட், செயற்கைப் புல்தரை மாதிரி நல்லா பிடிக்கிற தளத்துக்கு. கியர்பாக்ஸ் எப்படி நிக்குதுன்னு போட்டோ வாங்கிப் பார்த்துக்கங்க, விக்கிறவங்களே சில நேரம் மாத்தி எழுதிடுவாங்க.

பழைய சாமானைப் பொறுத்தவரை, பி4 முழுக்க இன்ச் ஸ்க்ரூ, பி6 மில்லிமீட்டர். 1.5, 2, 2.5 ஹெக்ஸ் டிரைவரும் 5.5, 7 நட் டிரைவரும் வாங்கிடுங்க. இன்ச் டிரைவர வச்சு ஒப்பேத்தினா ஸ்க்ரூ தலை வழுக்கிப் போயிரும். பி6-க்கு 12 மில்லிமீட்டர் ஹெக்ஸ் வீல், அதனால பி4 வீல் சேராது. ரேடியோவ அலமாரியில வச்சிருங்க, இப்ப எல்லாம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ். நிக்கல் பேட்டரிக்கு மட்டும் உள்ள சார்ஜர்ல லைப்போவ மாட்டிராதீங்க, தீப்பிடிக்கும்.

பல்சக்கரம்
எம்பி9 நேர்ல பார்க்கலாம்ங்கிறது பெரிய விஷயம். இன்ஜின் சுடாம, ஆறி இருக்கும்போதே பாருங்க. குளோ பிளக்க கழட்டிட்டு ஃப்ளைவீல கையால சுத்துங்க. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுக்கிப் பிடிக்கணும், ஸ்லீவ் (பிஸ்டன் ஓடுற குழாய்) மேல குறுகலா இருக்கிறதால வர்ற பிடி அது. வழவழன்னு தாண்டிப் போச்சுன்னா ஸ்லீவ் தேஞ்சாச்சு. சூடானா ஸ்லீவ் விரிஞ்சு இந்தப் பிடி தளர்ந்துடும். நீங்க போறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தா, ஆறட்டும்னு உக்காந்து டீ குடிங்க. அப்புறம் பேக்பிளேட்ட கழட்டி பேரிங்ல துரு இருக்கான்னு பாருங்க. எரிபொருள்ல இருக்கிற மெத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓட்டி முடிச்சு ஆஃப்டர் ரன் ஆயில் விடாம வச்ச இன்ஜின் நம்ம கடற்கரையில சீக்கிரமே போயிரும்.

பி6-க்கு வீடியோ கேளுங்க. ஒரு பின் வீலையும் ஸ்பர் கியரையும் (பினியன் சுத்துற பெரிய பல்சக்கரம்) சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு வீல சுத்தச் சொல்லுங்க. பால் டிஃப்னா (குண்டு வச்ச டிஃபரென்ஷியல்) கஷ்டப்பட்டுத்தான் வழுக்கணும். லேசா வழுக்கினா டிஃப் லூஸ், நறநறன்னா ரிங்கும் பாலும் போயிருச்சு. அடுத்து ரெண்டு வீலையும் பிடிச்சுக்கிட்டு ஸ்பர்ர தள்ளச் சொல்லுங்க, ஸ்லிப்பர் கிளட்ச்தான் முதல்ல விடணும். டிஃப் முதல்ல விட்டா ஒரே ரேஸ்ல ரிங் பாழாயிரும். பால், ரிங், த்ரஸ்ட் பேரிங் மூணையும் மாத்தினா சரியாகிற கோளாறுதான், அந்தக் காசை விலையில கழிச்சுக்கங்க.

சேஸியோட அடிப்பக்க போட்டோ கட்டாயம் வேணும். மூக்குப் பக்கம் உரசி ஸ்க்ரூ தலையே தேஞ்சிருந்தா கழட்ட வராது, துளைச்சுதான் எடுக்கணும். டிஃப்ல இருந்து வெளிய வர்ற அவுட்டிரைவ் பள்ளத்துல டிரைவ்ஷாஃப்ட் பின் உக்காந்து குழி விழுந்திருந்தா அதையும் மாத்தியாகணும். ஷாக் அப்சார்பர ஸ்பிரிங் இல்லாம மெதுவா அழுத்தும்போது புஸ்ஸுன்னு சத்தம் வந்தா உள்ள காத்து, ஆயில் மாத்தினா போதும். ஷாஃப்ட்ல கீறல் இருந்தா புது சீல் போட்டாலும் ஒழுகும்.

உப்புக்காத்து
மேல சொன்னதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். பாம்பன்ல இருந்து சாயல்குடி வரைக்கும் யார் வண்டி வாங்கினாலும் உப்பையும் சேர்த்துப் பார்க்கணும். தங்கச்சிமடம் வண்டின்னா ரெட்டிப்பா பாருங்க. அலுமினியத்துல இரும்பு ஸ்க்ரூ இறங்குற இடத்தச் சுத்தி வெள்ளைப் பொடி பூத்திருந்தா, அந்த ஸ்க்ரூ மரையோட பிடிச்சுக்கிட்டு உடையும். சஸ்பென்ஷன் ஆர்ம் ஆடுற ஹிஞ்ச் பின்ன ஒண்ணாவது உருவிக் காட்டச் சொல்லுங்க, துரு வெளிய தெரியாது.

எலக்ட்ரிக்ல அதைவிட மோசம் வயர். ஈஎஸ்சி வயர் கனெக்டர்ல சேருற இடத்துல இன்சுலேஷன ஒரு சென்டிமீட்டர் சீவிப் பாருங்க. செம்பு கறுத்திருந்தா சால்டர் ஒட்டாது. உப்பு ஈரம் உள்ளயே ஏறிப் போயிருக்கும், பளபளன்னு செம்பு தெரியுற வரைக்கும் வெட்டணும். மோட்டார் சென்சார் சாக்கெட்ல பச்சை பிடிச்சிருந்தா ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது திக்கும். கூரியர்ல வந்தாலும் பிரிச்ச உடனே இதைப் பாருங்க.

ப்ராக்டிஸ கடற்கரை மணல்ல வச்சுக்காதீங்க தம்பி. மணலும் சிப்பித் தூளும் கியர்ல புகுந்து அரைக்கும், உப்பு பேரிங்ல தங்கும். கோடையில வத்திக் கிடக்கிற கண்மாய் உள்வாய் தேவலாம். உவர் பூத்த வெள்ளைத் திட்டா இல்லாம, சீமைக்கருவேல முள்ள பொறுக்கிட்டு ஓட்டுங்க. ஓட்டினதும் முதல்ல பிரஷ், அப்புறம் ப்ளோயர். கழுவணும்னா எலக்ட்ரானிக்ஸ கழட்டிட்டு காவேரித் தண்ணியில கழுவுங்க. நம்ம போர் தண்ணியில கழுவுறது உப்ப திரும்பப் பூசுறதுதான். பேரிங் மூடியை பிளேடு நுனியால எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல அலசி, காஞ்சதும் லேசான எண்ணெய் ஒரு சொட்டு விடுங்க. கிரீஸ் அடைச்சா தூசியப் பிடிச்சு வச்சுக்கும்.

கீழக்கரை_ஓட்டி
ரொம்ப நன்றிண்ணே. கிளப்புல கேட்டேன். 17.5 டூ வீல்ல நல்லா ஆள் இருக்கு, பிளிங்கி கட்டாயம். நைட்ரோ எப்பவாவதுதான் நடக்குதாம். டிராக் உருட்டின செம்மண். அப்ப பி6-தான். இனாம் லைப்போவ வாங்கிக்கலாமா?

பல்சக்கரம்
வேண்டாம்னே சொல்லிடுங்க. பேட்டரி வீங்கி உப்பலா இருந்தா கையாலயே தொடாதீங்க. உப்பல் இல்லேன்னாலும் உள் தடை ஏறியிருந்தா கடைசி நிமிஷங்கள்ல வண்டி சோர்ந்துரும். புதுசா ஹார்ட் கேஸ் போட்ட 2எஸ் (ரெண்டு செல்) ஷார்ட்டி, அதாவது குட்டை பேட்டரி ஒண்ணு எடுங்க, அளவு கிட்டத்தட்ட 96க்கு 47 மில்லிமீட்டர். செல்லுக்கு 4.2 வோல்ட் வரை பேலன்ஸ் சார்ஜ். ஓட்டாத நாள்ல 3.8-ல வைங்க, ஃபுல் சார்ஜுல கிடந்தா உப்பும். பேட்டரிய விமானத்துல அனுப்ப கட்டுப்பாடு இருக்கு, தரைவழின்னு சொல்லி ஆர்டர் போடுங்க.

மண்டபம்_பிட்லேன்
ரிசீவர் வாங்கும்போது டிரான்ஸ்மிட்டர் எந்தக் கம்பெனியோ அதே முறையில பேசுற ரிசீவரா பாருங்க. ரெண்டும் 2.4-தான்ங்கிறதுக்காக பைண்ட் ஆகாது, அதாவது ஜோடி சேராது.

வண்டியோட சேர்த்தே முன் ஆர்ம் ஒரு ஜோடி, பின் ஆர்ம் ஒரு ஜோடி, காஸ்டர் பிளாக், ஹிஞ்ச் பின் செட், ஒரு ஸ்பர் கியர் எடுத்து வச்சுக்கங்க. கிளப் ரேஸ்ல முதல்ல உடையுறது முன் ஆர்ம்தான், ராமநாதபுரத்துல உடனே கிடைக்கிற சாமான் இல்ல.

உங்க பினியன விட்டுட்டேனே. 48 பிட்ச்னு (பல்லோட அளவு) போட்டிருந்தா வச்சுக்கங்க, மோட்டார் ஷாஃப்ட் அதே 3.17 மில்லிமீட்டர்தான். வர்ற வண்டியில ஸ்பர் 48-ஆ 64-ஆன்னு மட்டும் கேட்டுக்கங்க, கலந்து மாட்டினா ஸ்பர் பல்லு கொட்டிரும். ஆனா பழைய பிரஷ் மோட்டாருக்குப் போட்டது சின்ன பினியனா இருக்கும். பிளிங்கியில 17.5-க்கு அதைவிடப் பெருசு வேணும். ஒவ்வொரு பல்லா ஏத்தி, ஓடி வந்ததும் மோட்டார் சூட்டப் பாருங்க, 75 டிகிரி செல்சியஸ் தாண்டினா ஒரு பல்லு குறைச்சிருங்க.