புதுப்பிப்பு: கிட்டார் பிக்கப்புக்கு அல்னிகோ 2 காந்தமா, 5-ஆ? மாட்டிப் பார்த்தாச்சு

எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றுவது பிக்கப். அதில் இரட்டைச் சுருள் வகையான 1957 பாணி ஹம்பக்கருக்கு எந்த அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தம் நல்லது, 2-ஆம் ரகமா 5-ஆம் ரகமா என்று முன்பு கேட்டிருந்தேன். "ரெண்டு பக்கமும் 5 போடுங்க" என்றுதான் பலரும் சொன்னீர்கள். நான் கிட்டாரின் கழுத்துப் பக்கப் பிக்கப்பில் அல்னிகோ 2, பிரிட்ஜ் (கம்பிகள் உடல்மேல் தாங்கும் கட்டை) பக்கப் பிக்கப்பில் அல்னிகோ 5 என்று கலந்து போட்டேன்.

இரண்டு பிக்கப்பின் சுருளும் ஏறத்தாழ 8 கிலோ ஓம் மின்தடை, ஒரே தடிமனான 42 கேஜ் செம்புக் கம்பி. ஆனாலும் குணம் வேறு. அல்னிகோ 2-இல் மேல் ஸ்வரங்கள் மிருதுவாக உருள்கின்றன. கிட்டார் தந்தியை இழுத்து வாசித்தால் பாடுவது போலவே இருக்கிறது. ஆனால் டிஸ்டார்ஷனில் (ஒலியைக் கரகரப்பாக்கி) கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து) போட்டால் பேஸ் குழைந்துவிடுகிறது. அங்கே 5 கெட்டியாக நிற்கிறது, பளிச்சென்று வெட்டுகிறது. கழுத்துப் பக்கம் 5 போட்டிருந்தால் எனக்குக் காது கூசியிருக்கும், அது என் ரசனை.

அப்புறம் மெழுகு விஷயம். சுருள் அதிர்ந்து கீச்சிடாமல் இருக்கப் பிக்கப்பை மெழுகில் முக்கி எடுப்பார்கள். கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் வடிவமைத்த அசல் பிக்கப்புகளில் மெழுகு கிடையாது என்று நானும் மெழுகில்லாததே வாங்கினேன். வீட்டில் அருமை. தர்மபுரி பக்கம் திருவிழா மேடையில் ஆம்ப் (ஒலிபெருக்கி) என் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் கெயின் (சைகையைப் பெருக்கும் அளவு) ஏற்றியதும் கீச்சென்று கத்தியது. மேடையில் வாசிப்பவர்கள் மெழுகு போட்டதையே வாங்குங்கள். இன்னொன்று, கழுத்துப் பிக்கப்பைத் தந்தியிலிருந்து கொஞ்சம் இறக்கி வைத்தால் இரண்டு பிக்கப்பின் சத்தமும் சமமாகிறது.