உபுண்டு 22.04: எம்பிவி ஓடும்போதே திரை இருண்டு பூட்டிக்கொள்கிறது

செந்தூல்வாசி:

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் திருமுறை வகுப்பு நடக்கும் மண்டபத்துக் கணினி இது. எச்டிஎம்ஐ வயரில் புரொஜெக்டர். பாடல் வரிகளோடு வரும் வீடியோக்களை எம்பிவி என்ற வீடியோ பிளேயரில் முழுத்திரையாகப் போடுகிறோம். இயங்குதளம் உபுண்டு லினக்ஸ். 20.04 இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. 22.04க்கு ஏற்றியபின், மவுஸைத் தொடாமல் விட்டால் 5 நிமிடத்தில் திரை இருண்டுவிடுகிறது. எச்டிஎம்ஐ வழியே போகும் ஒலியும் கூடவே அறுந்துவிடுகிறது. மவுஸை அசைத்தால் கடவுச்சொல் கேட்கிறது.

திரை அணைவதை நிறுத்தும் எக்ஸ்செட் எஸ் ஆஃப், எக்ஸ்செட் -டிபிஎம்எஸ் கட்டளைகள் இரண்டும் கொடுத்தாயிற்று, பலன் இல்லை. எம்பிவி அமைப்பில் ஸ்டாப்-ஸ்கிரீன்சேவர்=யெஸ் (ஓடும்போது திரையை அணைக்காதே) என்றுதான் இருக்கிறது. பூட்டையே எடுத்துவிட முடியாது. நன்கொடை ரசீதுக் கணக்கும் இதே கணினியில்தான்.

பாயான்லெப்பாஸ்_லினக்ஸ்:

எக்ஸ்செட், திரையில் சன்னல்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11-க்கு உரியது. 22.04 பெரும்பாலான கணினிகளில் புதிய முறையான வேலண்டில்தான் தொடங்கும், அங்கே திரையை அணைப்பது உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோம். எக்ஸ்செட் சொல்வதை அது காதில் போட்டுக்கொள்ளாது.

எம்பிவி மேலும் குற்றமில்லை. வேலண்டில் ஒரு பிளேயர் "படம் ஓடுகிறது, அணைக்காதே" என்று சொல்வதற்கு ஐடில் இன்ஹிபிட் என்ற நெறிமுறை உண்டு. எம்பிவி அதில்தான் கேட்கிறது, 22.04-இல் உள்ள க்னோமுக்கு அது தெரியாது. டெர்மினலில் (கட்டளை தட்டும் சன்னலில்) எம்பிவியை ஓட்டிப் பாருங்கள், திரை இருளலாம் என்று அதுவே ஒரு எச்சரிக்கை வரி காட்டும். க்னோம் கேட்பது, செயலிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாக வரும் வேண்டுகோளை மட்டும்.

சரி, 20.04-இல் எப்படி ஓடியது? அப்போது வந்தது எம்பிவி 0.32. எக்ஸ்11-இல் அது 10 விநாடிக்கு ஒருமுறை எக்ஸ்டிஜி-ஸ்கிரீன்சேவர் ரீசெட் என்ற கட்டளையைத் தானே ஓட்டிக்கொண்டிருந்தது. 0.33-இல் அந்த வேலையை எடுத்துவிட்டார்கள். 22.04-இல் இருப்பது 0.34.1. அதனால் லாகின் திரையில் "உபுண்டு ஆன் எக்ஸார்க்" என்று எக்ஸ்11-க்கு மாற்றிப் போட்டாலும் திரை இருளத்தான் செய்யும். பலர் முதலில் அதைத்தான் செய்து பார்க்கிறார்கள்.

எம்பிவியை இப்படித் தொடங்குங்கள்:

க்னோம்-செஷன்-இன்ஹிபிட் --இன்ஹிபிட் ஐடில்:சஸ்பெண்ட் எம்பிவி பாடல்.எம்பி4

ஐடில் என்பது திரை இருள்வதையும் அதைத் தொடரும் பூட்டையும் தடுக்கும். சஸ்பெண்ட் என்பது கணினி உறங்குவதைத் தடுக்கும். எம்பிவியை மூடியதும் தடை தானாக விலகி, வழக்கமான 5 நிமிடப் பூட்டு திரும்பிவிடும்.

புடு_பையன்:

இவ்வளவு எதுக்கு அண்ணே? செட்டிங்ஸ், பவர், ஸ்கிரீன் பிளாங்க், "நெவர்". முடிஞ்சது.

பாயான்லெப்பாஸ்_லினக்ஸ்:

தம்பி, எத்தனை விநாடி சும்மா இருந்தால் திரை இருள வேண்டும் என்பதற்கு ஐடில்-டிலே என்று ஒரு மதிப்பு உண்டு, அந்த "நெவர்" அதை 0 ஆக்குகிறது. தானாகப் பூட்டுவது திரை இருண்ட பிறகுதான் நடக்கும். இருளவே இல்லையென்றால் பூட்டும் இல்லை. வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் ரசீதுக் கணக்கு திறந்தே கிடக்கும். வீட்டில் டிவிக்கு மட்டும் வைத்திருக்கும் கணினி என்றால் நீ சொன்னதே போதும்.

செந்தூல்வாசி:

நன்றி ஐயா. இரண்டு சந்தேகம். ஆசிரியர்கள் டெர்மினல் பக்கமே போகமாட்டார்கள், கோப்பை டபுள் கிளிக் செய்வார்கள். அடுத்தது, பதிகத்துக்குப் பொருள் சொல்ல வீடியோவை 10, 15 நிமிடம் பாஸில் (இடையில் நிறுத்தி) வைப்பதுண்டு. அப்போதும் வரிகள் திரையில் இருக்க வேண்டும்.

பாயான்லெப்பாஸ்_லினக்ஸ்:

பாஸில் வைக்கிறீர்கள் என்றால் இந்த வழிதான் உங்களுக்குச் சரி. தடையைப் பிடித்திருப்பது க்னோம்-செஷன்-இன்ஹிபிட், எம்பிவி சன்னல் திறந்திருக்கும்வரை அது விடாது. விஎல்சி என்ற இன்னொரு பிளேயர் டி-பஸ்ஸில் கேட்பதால் க்னோமில் ஒழுங்காக ஓடும், ஆனால் பாஸ் அழுத்தியதும் தடையை விட்டுவிடும். விளக்கம் 5 நிமிடத்தைத் தாண்டினால் பழைய கதைதான்.

டபுள் கிளிக்குக்கு: /யூஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் கோப்புறையில் உள்ள எம்பிவி.டெஸ்க்டாப் கோப்பை, உங்கள் ஹோமுக்குள் (பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்) .லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் உள்ளே நகலெடுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள், அடுத்த அப்டேட்டில் உங்கள் மாற்றம் அழிந்துவிடும். நகலில் எக்ஸெக்= என்று தொடங்கும் வரியில், எம்பிவி என்ற சொல்லுக்கு முன்னால் "க்னோம்-செஷன்-இன்ஹிபிட் --இன்ஹிபிட் ஐடில்:சஸ்பெண்ட்" என்று சேருங்கள். அதற்குப் பின்னால் இருப்பவற்றில், கடைசி %யூ உட்பட, கை வைக்க வேண்டாம். %யூ போய்விட்டால் கிளிக் செய்த கோப்பின் பெயர் எம்பிவிக்குப் போகாது, வெறும் சன்னல்தான் வரும். ஆசிரியர்களுக்குத் தனிப் பயனர் கணக்கு இருந்தால் அந்த ஹோமில்தான் இந்த நகல் இருக்க வேண்டும்.

சோதிக்க 5 நிமிடம் காத்திருக்க வேண்டாம். ஜிசெட்டிங்ஸ் செட் ஓஆர்ஜி.க்னோம்.டெஸ்க்டாப்.செஷன் ஐடில்-டிலே 30 என்று கொடுத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். முடிந்ததும் மறக்காமல் 300-க்குத் திருப்பிவிடுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_டெக்:

சோதிக்கும்போது இதையும் பாருங்கள். வீடியோ ஓடுகையில் வேறு டெர்மினலில் க்னோம்-செஷன்-இன்ஹிபிட் --லிஸ்ட் கொடுத்தால் யார் யார் தடை போட்டிருக்கிறார்கள் என்று காட்டும். பட்டியலில் உங்கள் தடை இருந்தும் திரை இருண்டால், புரொஜெக்டரின் சொந்த ஈகோ (மின்சேமிப்பு) டைமரைச் சந்தேகியுங்கள். "நோ சிக்னல்" என்று காட்டினால் மட்டுமே கணினி நிறுத்தியிருக்கிறது, அல்லது வயர் தளர்ந்திருக்கிறது.

கோப்பில் கை வைக்கத் தயக்கம் என்றால் திரை இருளாமல் வைக்கும் கஃபீன் என்ற க்னோம் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் நிரல்) இருக்கிறது. மேல் பட்டையில் காப்பிக் கோப்பை ஐகான் வரும். முழுத்திரைச் செயலி இருக்கும்போது தானாக இயங்கும் தேர்வும் அதில் உண்டு. கையால் போட்டுவிட்டு அணைக்க மறந்தால் மட்டும் "நெவர்" போட்ட மாதிரியே ஆகிவிடும்.

செந்தூல்வாசி:

நகல் கோப்பு வழி வேலை செய்கிறது. 30 விநாடி வைத்து, பாஸிலும் பார்த்தாயிற்று, இருளவில்லை. சன்னலை மூடியதும் அரை நிமிடத்தில் பூட்டிக்கொண்டது. 300-க்குத் திருப்பியாயிற்று.