பெரிய மனையில் பழைய ஓட்டு வீடு: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி (வேணு, சென்னை)

கும்பகோணத்திற்கு அருகே ஓர் அக்ரகாரத்தில் இரண்டு கட்டு ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அகலம் 32 அடி, நீளம் 300 அடி, ஏறத்தாழ 22 சென்ட். திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று வீடு உள்ளே நீண்டு செல்ல, அதற்குப் பின்னால் கிணறும் தென்னைகளும் உள்ள கொல்லை வாய்க்கால் வரை போகிறது. உரிமையாளர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். மகன்கள் இருவரும் விற்கிறார்கள்; இளையவர் அமெரிக்காவில் இருக்கிறார். மகள் ஒருவர் உண்டு, ஆனால் அவருக்குச் சீர் செய்து முடித்தாயிற்று என்கிறார்கள். பட்டா மூத்தவர் பெயரில் இருக்கிறது. வீட்டை இடிக்காமல் பழுது பார்த்துக் குடியேற விரும்பும் நான் எவற்றையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

மறுமொழி (தஞ்சை வழக்கறிஞர்)

அந்த மகளின் கையெழுத்து இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தாக இருந்து உயிலும் இல்லையென்றால், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. தந்தையின் மனைவியோ தாயோ உயிருடன் இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. சீர் செய்ததைப் பங்கு கொடுத்ததாகச் சட்டம் கொள்வதில்லை. பட்டா வருவாய்த் துறையின் பதிவுதானே தவிர, உரிமை மூலம் ஆகாது. எனவே வாரிசுச் சான்றிதழையும், சொத்து அவர்களுக்கு எப்படி வந்தது என்று காட்டும் மூலப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தையதாகவே இருக்கும் என்பதால், அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியே விண்ணப்பிக்க வேண்டும். இளையவர் தன் சார்பில் வேறொருவர் கையெழுத்திட அமெரிக்காவிலிருந்து பொது அதிகார ஆவணம் அனுப்புவாரானால், அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டதா என்று பாருங்கள். அவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்பதால் அவருடைய பங்குக்கு நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டிய வருமான வரி விகிதமும் வேறு. வழக்கமான 1 சதவீதத்தோடு நிறுத்திவிட்டால், மீதியை உங்களிடம்தான் கேட்பார்கள்.

மறுமொழி (குடந்தைவாசி)

அக்ரகாரம் என்றதும் நான் கேட்கும் முதல் கேள்வி, அடிமனை, அதாவது வீடு நிற்கும் நிலம், யாருடையது என்பதுதான். எங்கள் பக்கத்தில் பல தெருக்களில் கட்டடம் மட்டுமே வீட்டுக்காரருக்குச் சொந்தம். நிலம் கோயிலுடையது, அதற்கு ஆண்டுதோறும் வாடகை கட்டி வருவார்கள். அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) பதிவேட்டையும், ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம் என்று காட்டும் அ-பதிவேட்டையும் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் மதிப்பு) பூஜ்யம் என்றிருந்தால், காரணம் தெரியும் வரை பேச்சை நிறுத்தி வையுங்கள்.

மறுமொழி (ஓய்வுபெற்ற பொறியாளர்)

பத்திரம் சரியாக இருந்தால் கட்டடத்தைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. சுவரை விட்டுவிட்டு மரத்தைப் பாருங்கள். உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையில்தான் ஈரமும் கறையானும் முதலில் சேரும். அங்கே திருப்புளியால் குத்தினால், நல்ல தேக்கில் நுனி மட்டுமே பதியும், உளுத்ததில் கைப்பிடி வரை இறங்கும். முற்றத்தின் நான்கு மூலைகளிலும் கூரைகள் கூடும் இடத்துக்குக் கீழே பழுப்புக் கறை தென்பட்டால், மழைநீர் பல ஆண்டுகளாக அங்கே இறங்கியிருக்கிறது என்று பொருள். சுண்ணாம்புக் காரைச் சுவருக்குச் சிமெண்ட் பூசச் சொல்லும் கொத்தனாரைத் தயவுசெய்து அனுப்பிவிடுங்கள். உள்ளே தங்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சையே பெயர்த்துவிடும். நாட்டு ஓட்டை அவ்வப்போது பிரித்து அடுக்க வேண்டும், அதற்கு இப்போது ஆள் கிடைப்பதுதான் கடினம். விலை பேசும்போது மனைக்கு மட்டும் கணக்கிடுங்கள். பழைய கட்டடத்துக்கு வங்கி மதிப்பீட்டாளரும் பெரிதாக எதுவும் போட மாட்டார்.

வேணு

மிக்க நன்றி. அ-பதிவேட்டைப் பார்த்ததில் கொல்லை வேறொரு சர்வே எண்ணில் இருக்கிறது. வீடு நத்தத்தில் வருகிறது. மகன்கள் காட்டும் மூலப் பத்திரத்திலோ வீடு இருக்கும் சர்வே எண் மட்டுமே குறிப்பிடப்பட்டுள்ளது.

மறுமொழி (தஞ்சை வழக்கறிஞர்)

அப்படியானால் கொல்லைக்குத் தனி ஆவணம் கேளுங்கள். இல்லையென்றால் அதை விலையிலிருந்து கழித்துவிட வேண்டியதுதான். நில அளவர் புலப்படத்தை (சர்வே எண்ணின் எல்லை அளவுகள் உள்ள வரைபடம்) வைத்து அளக்கும்போது கடைசித் தென்னை வரிசை வாய்க்கால் புறம்போக்கில், அதாவது அரசு நிலத்தில், நிற்பதாகத் தெரிய வருவதும் உண்டு. கிரய ஒப்பந்தத்தில் 22 சென்ட் என்று மொத்தமாக எழுதாமல், அளந்து வரும் பரப்புக்குச் சென்ட் ஒன்றுக்கு இவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். மகளின் கையெழுத்தும் அதே ஒப்பந்தத்தில் வரட்டும்.