பழைய டிடிபி மிஷினைக் கழட்டிட்டு மாதச் சந்தாவுக்கு மாறலாமா?

மதுரை அச்சகத்துக்காரன்
25 வருஷமா கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் அடிக்கிறேன். கடையில ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி மிஷின், அதுல பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7, படம் திருத்துற போட்டோஷாப் சிஎஸ்6. நெட் கனெக்‌ஷனே கொடுக்கல. எல்லாத்தையும் கிளவுடுக்கு, அதாவது நெட் வழியா கம்பெனிக்காரனோட சர்வருக்கு, மாத்திடலாம்னு பையன் நச்சரிக்கிறான். எனக்கு மனசு வரல. 2013 மே மாசம், சிஎஸ்6-தான் கடைசி, இனி கிரியேட்டிவ் கிளவுட்ங்கிற சந்தா மட்டும்தான்னு போட்டோஷாப் கம்பெனியான அடோபி அறிவிச்சப்பவே சொந்த வீட்டுக்காரன் வாடகைக்குப் போற மாதிரி இருந்துச்சு.

போன ஆவணில ஒருத்தர் 2004-ல நான் அடிச்ச அவரோட பத்திரிகையைக் கொண்டுவந்து, தங்கச்சி மகளுக்கும் இதே மாதிரி வேணும்னார். கோப்பு ரெண்டு நிமிஷத்துல திறந்துச்சு. பிள்ளையார் சுழி, மாவிலைத் தோரணம், ஓரத்துல நான் கையால இழுத்த கொடி எல்லாம் அப்படியே இருந்துச்சு. இதை விட்டுட்டு ஏன் மாறணும்?

ஜாபர்கான்பேட்டை வாசி
அண்ணே, நான் உங்க பையன் கட்சி. 2015 டிசம்பர்ல அடையாத்துத் தண்ணி எங்க தெருவுக்குள்ள வந்துச்சு. ராத்திரி மேஜை மேல தூக்கி வச்ச சிபியூ விடியறப்ப தண்ணிக்குள்ள கிடந்தது. பேக்கப் எடுத்த ஹார்டுடிஸ்க் அதே மேஜை டிராயர்ல. சேறு கழுவி, காயவச்சு, கம்ப்யூட்டர் கடைங்க இருக்கிற ரிட்சி தெருவுக்குத் தூக்கிட்டுப் போனேன். ஒண்ணும் தேறல. எட்டு வருஷ வேலைல மிஞ்சினது, வாடிக்கையாளருக்கு ப்ரூஃப் பார்க்க மெயில்ல அனுப்பின பிடிஎஃப் மட்டும்தான். வீட்ல இருக்கிறதெல்லாம் பத்திரமா இருக்கும்னு இனி என்கிட்ட யாரும் சொல்ல வேண்டாம்.

சர்வர்காரன்
ரெண்டு பேரும் வேற வேற விஷயம் பேசுறீங்க. நகல் எங்க இருக்குங்கிறது ஒண்ணு, அதைத் திறக்க யார்கிட்ட அனுமதி கேட்கணும்கிறது இன்னொண்ணு. நகல் கிளவுடுல இருக்கட்டும். ஆனா திறக்கிற சாவியையும் அங்கேயே கொடுத்துடக் கூடாது.

அண்ணன் கடைக்கே பொருந்துற உதாரணம்: பேஜ்மேக்கருக்கு அடுத்து அடோபி கொண்டுவந்த இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரைக்கும் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். சந்தாவா மாறின சிசி (கிரியேட்டிவ் கிளவுட்) பதிப்புல அந்த வசதியே இல்ல. எக்ஸ்பி மிஷினைக் கழட்டினா, அந்த 2004 பத்திரிகை டிரைவ்ல பத்திரமா இருக்கும், ஆனா திறக்காது.

பெரிய இடத்துலயும் இதே கதைதான். 2025 ஜூலையில ஐரோப்பிய யூனியன் தடை விதிச்சதும், குஜராத் வாடினார்ல சுத்திகரிப்பு ஆலை வச்சிருக்கிற நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்துச்சு. காசு கட்டி வாங்கின உரிமம். டெல்லி உயர் நீதிமன்றத்துல வழக்குப் போட்ட பிறகுதான் திரும்பக் கிடைச்சுது.

ஜாபர்கான்பேட்டை வாசி
எண்ணெய் கம்பெனிக்கு வர்ற சிக்கல் பத்திரிகை அடிக்கிற கடைக்கு வராது சார். எங்களுக்கு வர்றது வெள்ளம், கரண்ட் ஏத்த இறக்கம், செத்துப்போற ஹார்டுடிஸ்க். சாவி உங்க கைலதான் இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க? சாஃப்ட்வேர் வேலை செய்ய அனுமதி கொடுக்கிற ஆக்டிவேஷன் சர்வரை, சிஎஸ்2-ங்கிற பழைய பதிப்புக்கு 2012 கடைசியில அடோபி மூடினப்போ, காசு கொடுத்து வாங்கினவங்களுக்குத் தனியா வேற பதிப்பு கொடுக்க வேண்டி வந்துச்சு. அண்ணனோட மதர்போர்டு நாளைக்குப் புகைஞ்சா, வேற மிஷின்ல சிஎஸ்6 போட அதே கம்பெனியைத்தான் கேட்கணும். எக்ஸ்பிக்கு ஆதரவு நின்னதே 2014 ஏப்ரல்ல.

சர்வர்காரன்
அந்த இடத்துல நீங்க சொல்றது சரி. ஆக்டிவேஷன் கேட்கிற சாஃப்ட்வேர் பாதி சொந்தம்தான். ஆனா அதுக்கு மருந்து முழுசா வாடகைக்குப் போறது இல்லையே. 2024 மே மாசம் ஆஸ்திரேலியாவுல யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியோட கிளவுட் கணக்கையே கூகுள் தரப்புல நடந்த தப்பால அழிச்சுட்டாங்க. வேற நிறுவனத்துலயும் பேக்கப் வச்சிருந்தது மீள உதவுச்சு. கம்பெனி பெருசுங்கிறதுக்காக ஒரே இடத்தை நம்பினா, உங்க மேஜை டிராயர் கதைதான் அங்கேயும்.

மதுரை அச்சகத்துக்காரன்
தம்பி, டிராயர்னு படிச்சதும் எழுந்து போய்ப் பார்த்தேன். என் பேக்கப்பும் மிஷினுக்குக் கீழ் தட்டுலதான் இருக்கு. இன்னிக்கே ஒரு நகல் திண்டுக்கல்ல தங்கச்சி வீட்டுக்குப் போகுது, இன்னொண்ணு பையனோட டிரைவுக்கு. எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்துத்தான். எக்ஸ்பி மிஷினைக் கழட்ட மாட்டேன். மார்கழில முகூர்த்தம் இல்ல, உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பா பிடிஎஃப் ஆக்கிடலாம்.

ஜாபர்கான்பேட்டை வாசி
பிடிஎஃப் மட்டும் போதாது அண்ணே, அதுல பேரை மாத்துறது பெரும்பாடு. வாசகத்தைத் தனியா எடுத்து, இப்ப எல்லா மிஷின்லயும் படிக்கிற யூனிகோடு எழுத்துலயும் வச்சுக்கோங்க. மாத்தினதும் கொம்பைக் கவனிங்க. பழைய எழுத்துருல கொம்பை முதல்ல அடிச்சுட்டுத்தான் எழுத்தை அடிப்போம், யூனிகோடுல அது எழுத்துக்குப் பின்னாடி வரும். மாத்துற சாஃப்ட்வேர் சரியில்லன்னா ‘செல்வி’ங்கிற பேரே உடைஞ்சு நிக்கும். உங்க எழுத்துரு எது? பாமினியா, டாம்-ஆ?