பின்வளவில் கஞ்சாச் செடி வைக்கலாமா? (ஸ்காபரோ)

வளவுக்காரி:
வணக்கம். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் சொந்த வீடு. பின்வளவில் வருடா வருடம் தக்காளி, கத்தரி, மிளகாய் போடுவோம். இந்த முறை கஞ்சாவும் மூன்று கன்று வைக்கலாம், கடைக்குக் கொடுக்கிற காசு மிஞ்சும் என்கிறார் கணவர். மாமி எங்களோடு இருக்கிறார், மூத்தவனுக்கு 15 வயது, ஒரு நாயும் உண்டு. சட்டம் எவ்வளவு விடுகிறது, இந்தக் குளிர் நாட்டில் வெளியில் வளருமா, தெரிந்தவர்கள் நேராகச் சொல்லுங்கள்.

மார்க்கம் அண்ணா:
2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் சட்டப்படி சரிதான் தங்கச்சி. நம்முடைய ஒன்ராறியோ மாகாணத்தில் 19 வயது முடிந்தவர் வளர்க்கலாம், ஆனால் வீட்டுக்கு 4 செடி, ஆளுக்கு 4 இல்லை. மாமியையும் சேர்த்து 12 என்று யாராவது கணக்குச் சொன்னால் கேட்காதீர்கள். விதையை உரிமம் உள்ள கடையில்தான் வாங்க வேண்டும். சட்டவிரோதமாக வளர்ப்பதற்கு உச்சத் தண்டனை 14 வருடச் சிறை. இன்னும் குடியுரிமை எடுக்காமல் பிஆர் (நிரந்தர வதிவிட) அட்டையோடு இருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் உச்சத் தண்டனை 10 வருடமோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தில் தீர்ப்பு வந்தால் இந்த நாட்டில் இருக்கும் உரிமையே போகலாம். மொன்றியலில் இருக்கும் சொந்தக்காரர் கேட்டால் ஒன்றுகூட வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்தக் கியூபெக் மாகாணம் வைத்த தடையை உச்ச நீதிமன்றம் 2023இல் சரி என்றுவிட்டது.

மண்வெட்டி:
வெளியில் நன்றாகவே வரும், ஆனால் நமக்குக் கோடை சின்னது, அதைப் பார்த்துத்தான் விதை எடுக்க வேண்டும். சாதாரண வகை பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் பூக்கும், இங்கே அது ஆகஸ்ட், வெட்டுவதற்குள் செப்டம்பர் கடைசியோ அக்டோபரோ ஆகிவிடும். அந்த நேரத்துக் குளிரிலும் ஈரத்திலும் தடித்த பூவுக்குள் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும், வெளியே ஒரு சின்ன இலை வாடித் தெரிகிறபோது உள்ளே பாதி அழுகியிருக்கும். அதனால் ரொறன்ரோப் பக்கத்துக்கு நான் சொல்வது ஆட்டோஃபிளவர் வகைதான். அது பகல் நீளத்தைப் பார்க்காது, விதை போட்டு ஏறக்குறைய மூன்று மாதத்தில் முடிந்துவிடும், செடியும் பெரிதாக உயராது, வேலிக்கு மேலே தலை காட்டாது. மே மாதத்து விக்டோரியா தின விடுமுறை கழிந்து தக்காளி நடும்போதே இதையும் வெளியே வையுங்கள், நல்ல வெயில் படுகிற இடமாக, தண்ணீர் தேங்காத மண்ணாக. பெண் விதை என்று கேட்டு வாங்குங்கள், ஒரு ஆண் செடி நின்றால் போதும், பூவெல்லாம் விதையாகிவிடும். பூச்சி வந்தால் கண்ட மருந்தையும் அடிக்காதீர்கள், உடம்புக்குள் போகிற பொருள் அது.

சுபா அக்கா:
எல்லோரும் செடியைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு அந்த 15 வயதுப் பிள்ளைதான் கவலை. மூளை 25 வயது வரை வளர்கிறது, இளவயதில் அடிக்கடி பாவித்தால் மனநோய் வரும் வாய்ப்புக் கூடும் என்று அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவே சொல்கிறது. வைக்கிறதென்றால் பின்கேற்றுக்குப் பூட்டு, வெட்டி உலர்த்திய பிறகும் பூட்டிய பெட்டி, அப்புறம் அவனிடம் ஒளிக்காமல் பேசுங்கள். நாய் தின்றால் தள்ளாடும், சிறுநீர் அடக்க முடியாமல் போகும், உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் என்ன தின்றது என்று உள்ளபடி சொல்ல வேண்டும். என் வீடு என்றால் அவன் பெரியவனாகும் வரை தள்ளிப்போடுவேன்.

மண்வெட்டி:
அக்கா சொல்வது நியாயம். வாசனையையும் யோசியுங்கள், பூக்கிற வாரங்களில் நாலு வளவுக்குப் போகும், பக்கத்து வீட்டாரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வளவுக்காரி:
எல்லோருக்கும் நன்றி. பிஆர் விஷயம் எங்களுக்குத் தெரியாது, மாமிக்கு இன்னும் பிஆர்தான். இவரோடு பேசினேன், இந்த வருடம் வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம். அந்தப் பாத்தியில் என்ன போடலாம், வெண்டி இங்கே காய்க்குமா?

மார்க்கம் அண்ணா:
காய்க்கும், ஆனால் மே முடியுமுன் வெளியே வைக்காதீர்கள், தக்காளியைவிட அதற்குச் சூடு கூட வேண்டும்.