எஞ்சின் மாற்றிய பின் வேகமாகப் போகும்போது மட்டும் சூடேறுகிறது: எங்கே தேடுவது?

நீள்சாலை:
வணக்கம். என் பழைய காரில் இருந்த 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, அதே நிறுவனத்தின் 2.0 லிட்டர் எஞ்சினை ஏற்றியிருக்கிறேன். வண்டி நன்றாக இழுக்கிறது. ஆனால் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் கொஞ்ச நேரம் ஓட்டினாலே வெப்பமானி முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறத் தொடங்குகிறது. வேகத்தைக் குறைத்தால் மெல்ல இறங்கிவிடுகிறது. நெரிசலில் நின்று நின்று போனாலும், நிறுத்தி வைத்து ஐடிலில் ஓடவிட்டாலும் எந்தத் தொந்தரவும் இல்லை.

ரேடியேட்டர் காரோடு வந்த பழையதுதான், உட்புறம் கழுவியாகிவிட்டது. சூடேறியதும் திறந்து நீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் புதியது. கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. கசிவு எங்கும் இல்லை. எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்துவிடுமோ என்ற பயத்தில் வண்டியை வெளியே எடுக்கவே மனம் வரவில்லை. பெரிய எஞ்சினுக்குப் பெரிய ரேடியேட்டர் வேண்டும், உடனே மாற்றுங்கள் என்கிறார்கள். அதற்கு முன் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

திருப்புளி:
ரேடியேட்டர் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். எப்போது சூடேறுகிறது என்பதை நீங்கள் தெளிவாகக் கவனித்திருப்பது பாதி வேலையை முடித்துவிட்டது. நிற்கும்போது சூடேறினால் ஃபேனைச் சந்தேகிக்க வேண்டும். ஓடும்போது மட்டும் ஏறினால் நீரோட்டம், ரேடியேட்டரின் திறன், அதன் வழியே புகும் காற்று ஆகிய மூன்றில் ஒன்றில்தான் குறை.

முதலில் முள் சொல்வது உண்மையா என்று பாருங்கள். புது எஞ்சினின் சென்சாரைப் பழைய காரின் மீட்டரோடு இணைத்தால் இரண்டின் மின்தடை அளவும் பொருந்தாமல் போகலாம். முள் மனம்போன போக்கில் நிற்கும். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கி, தெர்மோஸ்டாட் உறையின் மீது பிடித்து அளந்து பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும்.

மின்சார ஃபேன் என்றால் சுற்றும் திசையையும் பாருங்கள். வயர் மாறியிருந்தால் அது காற்றை முன்பக்கம் தள்ளும்; எதிரே வரும் காற்றோடு மோதி ரேடியேட்டருக்குள் ஒன்றும் போகாது. ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். அது ஒட்டிக்கொண்டால் ஃபேன் சரி.

கருமைக்கை:
மேலே சொன்னதோடு இன்னும் இரண்டு. எஞ்சினின் உச்சி ரேடியேட்டர் மூடியைவிட உயரமாக அமைந்துவிட்டதா? எஞ்சின் மாற்றிய வண்டிகளில் இது நடக்கும். காற்று மேலே சிக்கிக்கொண்டு வெளியேறாது. எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஹீட்டரைத் திறந்து வைத்து, மெதுவாக நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே தொடாதீர்கள், முகம் வெந்துவிடும்.

சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டையும் சோதித்துவிடுங்கள். கூலன்டில் எஞ்சினுக்குள் எரிந்த வாயு கலந்தால் நீல நிறத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவம் கிடைக்கிறது. பழைய எஞ்சினை வாங்கும்போது அதன் முந்தைய வாழ்க்கை நமக்குத் தெரியாது.

நீள்சாலை:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் பார்த்தேன். தாள் ஒட்டிக்கொள்கிறது. காற்று முழுவதும் வெளியேறிவிட்டது. சோதனைத் திரவம் நீலமாகவே இருந்தது. ஒரு நண்பரை ஓட்டச் சொல்லி, சூடேறியதும் ஓரமாக நிறுத்தி அளந்தேன். எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் 108 டிகிரி, அங்கிருந்து திரும்பி வரும் கீழ் ஹோஸ் 61 டிகிரி. முள் சொன்ன அளவுக்கு இல்லை என்றாலும் சூடு உண்மைதான்.

திருப்புளி:
இந்த இரண்டு எண்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். 47 டிகிரி வித்தியாசம்! உங்கள் ரேடியேட்டர் தன் வேலையை நன்றாகச் செய்கிறது. தன்னிடம் வந்த கொஞ்சம் நீரை முழுதாகக் குளிரவைத்து அனுப்புகிறது. எஞ்சினுக்குப் போதிய நீர் போய்ச் சேரவில்லை என்பதுதான் சிக்கல். ரேடியேட்டர் சிறியதாக இருந்திருந்தால் கீழ் ஹோஸும் கொதித்திருக்கும், வித்தியாசம் குறைவாக இருந்திருக்கும். பெரியதை வாங்கிப் போட்டிருந்தாலும் இந்தச் சூடு குறைந்திருக்காது.

இனி ஓட்டத்தைத் தடுப்பது எது என்று தேடுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டு, அதில் பொறித்திருக்கும் வெப்பநிலையில் திறக்கத் தொடங்கி, நீர் இன்னும் சூடேறும்போது முழுதாகத் திறக்கிறதா பாருங்கள். அதை எடுத்துவிட்டு ஓட்டுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். சில எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் நீர் பைபாஸ் என்ற குறுக்குவழியிலேயே சுற்றிவந்து ரேடியேட்டரை எட்டாது. அடுத்து, ஒருவரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிக் கீழ் ஹோஸைக் கவனியுங்கள். உள்ளே சுருள் கம்பி இல்லாத ஹோஸ், நீரைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்பின் உறிஞ்சலில் ஒட்டிப்போய்விடும்.

நீள்சாலை:
தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கி முழுதாக விரிகிறது. ஹோஸும் ஒட்டவில்லை. பம்பை வெளியிலிருந்து பார்த்தால் கசிவும் இல்லை, ஆட்டமும் இல்லை.

நடுத்தண்டு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஆல்டர்னேட்டர் தாங்கி, புல்லி, பெல்ட் ஆகியவை எந்த எஞ்சினுடையவை? புது எஞ்சின் முதலில் வரிப்பள்ளம் கொண்ட ஒற்றைப் பெல்ட்டில் ஓடியதா? அந்த அமைப்பில் பல நேரம் பெல்ட்டின் முதுகுப்பக்கம்தான் வாட்டர் பம்ப் புல்லியைத் தொடும். அதாவது பம்ப், எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க்குக்கு எதிர்த்திசையில் சுற்றும். அதே எஞ்சினில் ஆப்பு வடிவப் பழைய வி பெல்ட்டை மாட்டினால் பெல்ட்டின் உட்பக்கம் தொடும்; பம்ப் திசை மாறிவிடும். செவ்ரோலெட் ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினுக்கு இந்தக் காரணத்தாலேயே இரு திசைகளுக்கும் தனித்தனிப் பம்புகள் உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

திசை மாறினாலும் நீர் அதே வழியில்தான் போகும், ஏனென்றால் நடுவில் வரும் நீரை விளிம்புக்கு வீசுவதுதான் உள்ளிருக்கும் சக்கரத்தின் வேலை. ஆனால் வளைந்த இதழ்கள் எதிர்த்திசையில் சுற்றும்போது தள்ளும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். ஐடிலில் பிறக்கும் சிறு சூட்டுக்கு அது போதும். வேகத்தில் போதாது. உங்கள் அறிகுறிகள் எல்லாம் இதற்குப் பொருந்துகின்றன.

பம்பைக் கழற்றி இதழ்களைப் பாருங்கள். பெரும்பாலான பம்புகளில் இதழின் நுனி சுற்றும் திசைக்குப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். நேரான இதழ்களாக இருந்தால் என் ஊகம் வலுவிழக்கும்.

நீள்சாலை:
நடுத்தண்டு ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. எஞ்சின் வரிப்பள்ளப் பெல்ட்டோடு வந்தது. இடம் போதாததால் பழைய எஞ்சினின் தாங்கியும் வி பெல்ட்டும் மாட்டப்பட்டிருக்கின்றன. இதழ்கள் தெளிவாக எதிர்ப்பக்கம் வளைந்திருந்தன. இதே எஞ்சினின் முந்தைய வடிவம் வி பெல்ட்டில் ஓடியதாம். அதன் பம்ப் அதே போல்ட் துளைகளில் உட்கார்ந்துவிட்டது. நீண்ட ஏற்றத்தில் வேகமாக ஓட்டி அளந்தேன். மேல் ஹோஸ் 91, கீழ் ஹோஸ் 80. எத்தனை நிம்மதி என்று சொல்லி முடியாது.

ஒன்று மட்டும் பாக்கி. முள் இன்னும் முக்கால் பங்கில் நிற்கிறது.

திருப்புளி:
அது நான் முதலில் சொன்ன சென்சார் பொருத்தமின்மை. உங்கள் பழைய எஞ்சினில் மீட்டருக்கென இருந்த ஒற்றை வயர் சென்சாரைத் தேடி எடுங்கள். மரை அளவு பொருந்தாவிட்டால் இடைப்பூண் (அடாப்டர்) போட்டு மாட்டலாம்; அதன் மரையில் டேப்பை அதிகம் சுற்றினால் எர்த் கிடைக்காது, கவனம். எஞ்சின் கணினிக்குப் போகும் இரண்டு வயர் சென்சாரில் கை வைக்காதீர்கள். அது புது எஞ்சினுக்கு உரியதாகவே இருக்கட்டும்.