ராத்திரி பஸ் இறங்கி நடக்கிற பாதைக்குச் சிலம்பம் உதவுமா?

உச்சிப்புளிப்பொண்ணு:

ராமநாதபுரத்தில் ரத்தப் பரிசோதனை செய்யும் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். பஸ் பிடித்து உச்சிப்புளியில் இறங்கும்போது மணி ஒன்பது ஆகிவிடும். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குப் பத்து நிமிட நடை. இரண்டு பக்கமும் கருவேலங்காடு, வழியில் ஒரே ஒரு தெருவிளக்கு. போன மாதம் பைக்கில் வந்த இரண்டு பேர் என் வேகத்துக்கே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பேர் கேட்டார்கள். அப்புறம் ஒருவன் துப்பட்டாவை இழுக்கக் கை நீட்டினான். எனக்குத் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. எதிரே ஆட்டோ வந்ததால் போய்விட்டார்கள். கத்தக்கூட முடியாமல் நின்றதை நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை.

பக்கத்து ஊரில் ஞாயிறு காலை சிலம்பமும், வெறுங்கையால் சண்டை போடும் குத்துவரிசையும் சொல்லித் தருகிறார்கள். அம்மா, "கம்பை எடுத்துக்கிட்டா வேலைக்குப் போகப் போற?" என்று கேட்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. கற்றவர்கள் சொல்லுங்கள், நிஜமாகவே தெருவில் உதவியதா?

தங்கச்சிமடம் கருவாட்டுக்கடை:

தங்கச்சி, முதலில் ஒன்று. உன் குரல் நின்றதற்காக உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே. பயம் வந்தால் உடம்பு உறைந்துபோவது எல்லாருக்கும் நடப்பது. எனக்கும் நடந்திருக்கிறது.

என் பெரியப்பா சிலம்ப வாத்தியார். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் அவரிடம் கற்றேன். முதல் இருபது நாள் கம்பைத் தொடவே விடவில்லை, வெறும் காலடிதான். தென்கடல் கரையில் அலை வந்து போன ஈரமணலில் நடக்க விட்டு, பின்னாலேயே குனிந்து தடத்தைப் பார்த்துக்கொண்டு வருவார். குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. "குதிகால்ல நிக்கிறவளத் தள்ளுனா விழுந்துருவா" என்பார். அந்த வயதில் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஆறு வருடம் முன்பு பாம்பனில் மீன் எடுக்கப் போயிருந்தேன், விடிகாலை நாலு மணி இருக்கும். காசுத் தகராறில் ஒருவன் நல்ல குடியில் என்னை நோக்கி வந்தான். காது அடைத்தது, அவன் சட்டைப் பட்டனைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் கால் தானாகவே பக்கவாட்டில் ஒரு எட்டு பின்னால் போனது. இடது உள்ளங்கையை நெஞ்சுக்கு முன்னால் காட்டி, "அங்கேயே நில்லு" என்று கத்தினேன். ஒவ்வொரு வீச்சுக்கும் மூச்சைச் சத்தத்தோடு விட்டுப் பழகியவள் என்பதால் குரல் வந்தது. அவன் நிற்கவில்லை, அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். எவ்வளவு பலசாலி பிடித்தாலும் கட்டைவிரல் பக்கம்தான் பிடி இளகும். அந்தப் பக்கமாகக் கையைத் திருப்பி, முழங்கையை மடக்கி, உடம்போடு சேர்த்து இழுத்தேன். வந்துவிட்டது. அன்னக்கூடையை அங்கேயே போட்டுவிட்டு, விளக்கு எரிந்த டீக்கடைக்கு ஓடினேன். அவ்வளவுதான். ஒரு அடிகூட அடிக்கவில்லை. டீக்கடையில் கை நடுங்கி கிளாஸைப் பிடிக்க முடியாமல், கடைக்காரர் பெஞ்சில் வைத்துத்தான் கொடுத்தார்.

இரண்டு வருடம் கற்றதில் அன்றைக்குக் கூட வந்தது காலடியும் குரலும் அந்த ஒரு பிடிவிடுதலையும் மட்டும்தான். பயத்தில் விரல் நுணுக்கமான வேலை எதுவும் செய்யாது, ஆயிரம் தடவை செய்த அசைவுதான் கைக்கு வரும். அதனால் கம்பு சுற்றத் தெரியுமா என்று பார்க்காமல், ஒருவர் நிஜமாகவே பிடித்து இழுக்க, நீ விடுவித்துப் பழகும்படி சொல்லித் தருகிறார்களா என்று பார். மணலில் மட்டும் பழகினால் போதாது. தார் ரோட்டில், வேலைக்குப் போட்டுப்போகும் செருப்போடு, தோளில் பையோடு பழகு.

கச்சான்காற்று, மண்டபம்:

அக்கா சொன்னதற்கு மறுபக்கத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் நான் அடிபட்டவன். ஒன்றரை வருடம் கராத்தே கற்றதும் மனதில் ஒரு திமிர் வந்துவிட்டது. பைக் உரசியதற்கு ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான், போயிருக்கலாம், இறங்கி நின்றேன். அவன் கூட்டாளி பின்னாலிருந்து வந்ததைப் பார்க்கவே இல்லை. கத்தி முன்கையில் பட்டது, ஏழு தையல். வகுப்பில் எதிரே ஒருவர்தான் நிற்பார், கையிலும் ஒன்றும் இருக்காது. இன்னொன்று, மூடிய முஷ்டியால் மண்டையில் குத்தாதீர்கள், நம் கை எலும்புதான் முதலில் உடையும். வேறு வழியே இல்லையென்றால் உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கைப் பார்த்துத் தள்ளிவிட்டு ஓடுங்கள்.

தேவிபட்டினம் குமாஸ்தா:

வக்கீல் அலுவலகத்தில் இருப்பதால் இதைச் சேர்க்கிறேன். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. உன்னைக் காப்பாற்றிக்கொள்ள அடித்தால் குற்றமாகாது. ஆனால் தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது என்று 37-ஆம் பிரிவு சொல்கிறது. அவன் திரும்பி ஓடும்போது விரட்டிப் போய் அடித்தால் வழக்கு உன் மேல் திரும்பலாம். அந்த இரண்டு பேர் மறுபடி வந்தால் 112-க்குக் கூப்பிடு, பெண்களுக்கு 181-ம் இருக்கிறது. பைக் நம்பரில் கடைசி நாலு எண் கிடைத்தாலும் உடனே எழுதி வை.

உச்சிப்புளிப்பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. இன்று காலை போனேன், அம்மாவும் கூட வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் காலடிதான் முதலில். அப்புறம் "நில்லு" என்று கத்தச் சொன்னார்கள். இரண்டு தடவை குரல் உடைந்தது, மூன்றாவது தடவை வந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவே என் மணிக்கட்டைப் பிடித்து, "எங்க, விடுவி பாப்போம்" என்றார். வலது கை வந்தது, இடது கை வரவே இல்லை. அக்கா, நீங்கள் எந்தக் கையில் முதலில் பழகினீர்கள்?

தங்கச்சிமடம் கருவாட்டுக்கடை:

இடது கைதான் தங்கச்சி. வலது கையில் எப்பவும் கூடை இருக்கும்ல. தினமும் அம்மாவைப் பிடிக்கச் சொல்லு, இறுக்கிப் பிடிக்கச் சொல்லு.